எரிக் டால்ஃபி: ஆறே வருட வாசிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு மாடியறையில் ஆறேழு பேர் கூடி இசை கேட்கிறோம். ஆளுக்கொரு முறை, அவரவருக்குப் பிடித்ததைப் போடலாம். என் முறை வந்தால் பெரும்பாலும் எரிக் டால்ஃபிதான். பத்து நிமிடம் ஓடியதும் கேள்விகள் கிளம்பிவிடும். புதிதாக வருகிறவர்களும் அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். நானும் ஒவ்வொரு தடவையும் பாதி பதில் சொல்லிவிட்டு அடுத்த இசைத்தட்டுக்குப் போய்விடுகிறேன். அதனால் கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை வைத்து, பதில்களை இங்கே முழுசாக எழுதுகிறேன்.

எரிக் டால்ஃபியா? யாரு அவரு? பேரே கேள்விப்பட்டதில்லையே.

அமெரிக்க ஜாஸ் கலைஞர். 1928 ஜூன் 20 அன்று லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தார். பெற்றோர் பனாமாவிலிருந்து வந்து குடியேறியவர்கள்; இவர் ஒரே பிள்ளை. ஆல்டோ சாக்ஸபோன், பாஸ் கிளாரினெட், புல்லாங்குழல் மூன்றும் வாசித்தார். 1964 ஜூன் 29 அன்று பெர்லினில் இறந்தார். அப்போது 36 வயது முடிந்து ஒன்பதே நாள் ஆகியிருந்தது.

வெளியுலகம் அவரைக் கவனிக்க ஆரம்பித்தது 1958-ல். ஆக மொத்தம் ஆறு வருடம். அந்த ஆறு வருடத்துக்குள் சார்லஸ் மிங்கஸ், ஜான் கோல்ட்ரேன், ஆர்னெட் கோல்மன், ஆலிவர் நெல்சன், ஆண்ட்ரூ ஹில் என்று அந்தக் காலத்தின் முக்கியமான பேர்கள் பலருடைய தட்டுகளில் இவர் இருக்கிறார். இவருடைய பெயர் தெரியாமலே இவருடைய வாசிப்பைக் கேட்டவர்கள் நிறைய.

சாக்ஸபோன்னா நம்ம கத்ரி கோபால்நாத் வாசிச்சாரே, அதேதானா?

அதே ஆல்டோ சாக்ஸபோன்தான். ஆனால் இரண்டு பேரும் அதை எதிரெதிர்த் திசையில் கொண்டுபோனார்கள். கோபால்நாத் சாவிகளில் சில மாற்றங்கள் செய்து, ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகிற மாதிரி, கமகம் பேச வைத்தார். டால்ஃபி வழுக்க மாட்டார், தாவுவார். அடி ஸ்தாயியில் ஒரு ஸ்வரம், அடுத்தது மேலே எங்கேயோ, அதற்கடுத்தது மறுபடி நடுவில். காற்று வாத்தியத்தில் அப்படித் தாவ வேண்டுமானால் ஒவ்வொரு தாவலுக்கும் உதட்டுப் பிடியும் மூச்சும் மாற வேண்டும். அவர் அதைப் பேச்சு வேகத்தில் செய்தார்.

சாக்ஸபோன்காரர்ங்கிறீங்க, போட்டோவுல கையில கறுப்பா நீளமா என்னமோ வெச்சிருக்காரே?

அது பாஸ் கிளாரினெட். கறுத்த நீள உடல். அடிப்பக்கம் ஒரு வெள்ளிநிறக் குழல் வளைந்து மேல்நோக்கி வாய் திறந்திருக்கும். சாதாரண கிளாரினெட்டைவிட ஒரு ஸ்தாயி கீழே பேசும். டால்ஃபிக்கு முன்னால் ஜாஸில் அது எப்போதாவது எட்டிப் பார்த்த வாத்தியம். டியூக் எலிங்டனின் பெரிய ஜாஸ் குழுவில் ஹாரி கார்னி அவ்வப்போது எடுத்து வாசித்ததுண்டு. அதை மேடையின் நடுவில் தனியாக நிற்க வைத்தவர் டால்ஃபி.

நான் முதன்முதலில் டால்ஃபியிடம் மாட்டிக்கொண்டது இந்த வாத்தியத்தால்தான். ‘காட் பிளெஸ் த சைல்ட்’ என்ற பழைய பாட்டை அவர் பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல் பாஸ் கிளாரினெட்டில் மட்டும் வாசித்திருக்கிறார். 1961-ல் நியூயார்க்கிலும் கோபன்ஹேகனிலும் பதிவானவை இருக்கின்றன. மெட்டு உடனே வராது. கீழேயிருந்து மேலே, மேலேயிருந்து கீழே என்று சுருள் சுருளாக ஸ்வரங்கள் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சுருள்களுக்கு நடுவே பாட்டின் ஒரு துண்டு தலைகாட்டிவிட்டு மறையும். ஹெட்போனில் கேட்டால் அவர் மூச்சு இழுப்பதும் கேட்கும். ஒரே ஆள் அடித்தளமும் போட்டுக்கொண்டு அதன்மேல் பாடிக்கொண்டும் இருக்கிறார் என்பது புரிய எனக்கு மூன்று தடவை கேட்க வேண்டியிருந்தது.

முப்பது வயசு வரைக்கும் என்ன பண்ணிட்டிருந்தாரு?

சாதகம். இந்த ஒரு வார்த்தை போதும், ஆனாலும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் ‘ஆறு வருடக் கலைஞர்’ என்று சொல்லும்போது இந்தப் பகுதியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். சின்ன வயதிலேயே கிளாரினெட்டில் ஆரம்பித்தார். வீட்டுக் கொல்லைப்புறத்தில் அவர் வாசித்துப் பழகவென்றே பெற்றோர் ஓர் அறை ஏற்பாடு செய்து கொடுத்தார்கள். லாயிட் ரீஸ் என்ற ஆசிரியரிடம் படித்தார். மிங்கஸும் அதே ரீஸிடம் பயின்றவர். லாஸ் ஏஞ்சலஸ் சிட்டி காலேஜில் படிப்பு, நாற்பதுகளின் கடைசியில் ராய் போர்ட்டரின் பெரிய வாத்தியக் குழு, 1950-லிருந்து 1953 வரை ராணுவம், அங்கேயும் இசைதான்.

ராணுவத்திலிருந்து திரும்பிய பிறகு லாஸ் ஏஞ்சலஸிலேயே இருந்தார். அந்தக் கொல்லைப்புற அறைக்கு ஊர் வழியாகப் போகிற கலைஞர்கள் வந்து போனார்கள். 1954-ல் ட்ரம்பெட் கலைஞர் கிளிஃபோர்ட் பிரவுன் அங்கே வாசித்தது டேப்பில் பதிவாகி, பல வருடம் கழித்து வெளியாகியிருக்கிறது. கோல்ட்ரேனைச் சந்தித்ததும் அதே 1954-ல்தான். இரண்டு பேருக்கும் அப்போது பெயரில்லை.

1958-ல் நண்பர் பட்டி கோலெட் சொல்லி சிக்கோ ஹாமில்டன் குழுவில் இடம் கிடைத்தது. அந்த வருடம் நியூபோர்ட் ஜாஸ் விழாவில் அந்தக் குழுவோடு வாசித்தார்; அந்த விழாவைப் படமாக எடுத்ததில் அவரையும் பார்க்கலாம். 1959 கடைசியில் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தார். வந்து இறங்கியபோது கற்றுக்கொள்ள வந்த பையன் இல்லை அவர். மேல்நாட்டுச் செவ்வியல் இசை, பீபாப் என்ற வேகமான ஜாஸ் பாணி, இசைக் குறிப்பைப் பார்த்த மாத்திரத்தில் வாசிப்பது, எல்லாம் முடித்துக் கையில் மூன்று வாத்தியங்களோடு வந்த 31 வயது ஆள்.

சரி, அந்த ஆறு வருஷத்துல அப்படி என்ன செஞ்சிட்டாரு?

தேதிகளைச் சொன்னால் உங்களுக்கே புரியும். 1960 ஏப்ரல் 1, தன் பெயரில் முதல் தட்டு ‘அவுட்வர்ட் பவுண்ட்’. ஆகஸ்ட் 15, இரண்டாவது, ‘அவுட் தேர்’. அதில் பியானோவே கிடையாது. ரான் கார்ட்டர் செல்லோ வாசிக்கிறார். அக்டோபர் 20, மிங்கஸோடு நால்வர் குழுவாக ஒரு தட்டு. டிசம்பர் 21, ஒரே நாளில் இரண்டு (அதற்குத் தனிக் கேள்வியே இருக்கிறது). 1961 பிப்ரவரி 23, ஆலிவர் நெல்சனின் ‘த புளூஸ் அண்ட் தி ஆப்ஸ்ட்ராக்ட் ட்ரூத்’. அந்த மே, ஜூன் மாதங்களில் கோல்ட்ரேனின் ‘ஆஃப்ரிக்கா/பிராஸ்’ தட்டுக்காகப் பெரிய பித்தளை வாத்தியக் குழுவுக்கு இசைக் கோப்பு எழுதினார்.

1961 ஜூலை 16 இரவு நியூயார்க் ஃபைவ் ஸ்பாட் இசை விடுதியில் புக்கர் லிட்டில் என்ற ட்ரம்பெட் கலைஞரோடு சேர்ந்து வாசித்ததைப் பதிவு செய்தார்கள். என்னைக் கேட்டால் டால்ஃபிக்குக் கிடைத்த ஜோடிகளில் சிறந்தவர் லிட்டில்தான். இவர் கூர்மையாகக் குத்தினால் அவர் சோகமாக இழுப்பார். ஆனால் மூன்று மாதம்கூட ஆகவில்லை, அக்டோபர் 5 அன்று லிட்டில் சிறுநீரக நோயால் இறந்துபோனார். வயது 23. பியானோவில் மால் வால்ட்ரன், பாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தில் ரிச்சர்ட் டேவிஸ், டிரம்ஸில் எட் பிளாக்வெல். அந்தக் குழு பதிவுக்காக விட்டுச்சென்றது அந்த ஒரு இரவைத்தான்.

இதற்கிடையில் செவ்வியல் மேடையும் உண்டு. 1962-ல் கலிஃபோர்னியாவின் ஓஹாய் இசைவிழாவில் எட்கார் வரேஸின் ‘டென்சிட்டி 21.5’ என்ற தனிப் புல்லாங்குழல் படைப்பை வாசித்தார். பிளாட்டினத்தில் செய்த ஒரு புல்லாங்குழலுக்காக 1936-ல் எழுதியது அது. பிளாட்டினத்தின் அடர்த்தி எண்தான் அதன் பெயர். 1963 ஜூலையில் ஆலன் டக்ளஸ் என்ற தயாரிப்பாளரிடம் செய்த பதிவுகளில் ரிச்சர்ட் டேவிஸும் இவரும் மட்டுமே வாசிக்கும் ‘அலோன் டுகெதர்’ இருக்கிறது. பாஸும் பாஸ் கிளாரினெட்டும், வேறு யாரும் இல்லை. இரவு பத்து மணிக்கு மேல் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்க வேண்டியது.

ஒரே நாள்ல ரெண்டு ரெக்கார்டிங்கா? சும்மா சொல்றீங்களா?

நிஜம்தான். 1960 டிசம்பர் 21. ஒன்று ஆர்னெட் கோல்மனின் ‘ஃப்ரீ ஜாஸ்’. இரண்டு நால்வர் குழுக்கள் ஒரே நேரத்தில், முன்கூட்டி எழுதிய சுர அடுக்கு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள், அதாவது கார்டு) எதுவும் இல்லாமல், சுமார் 37 நிமிடம் தொடர்ந்து வாசித்தது. அதில் இவர் பாஸ் கிளாரினெட். இன்னொன்று நியூஜெர்ஸியில், இங்கிள்வுட் கிளிஃப்ஸில் உள்ள வான் கெல்டர் ஸ்டுடியோவில் பதிவான இவருடைய சொந்தத் தட்டு ‘ஃபார் க்ரை’. இது ஆல்டோ சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கருக்கு வணக்கம் சொல்லித் தொடங்குகிற தட்டு. இதில் ‘டெண்டர்லி’ என்ற காதல் பாட்டை ஆல்டோவில் தனியாக வாசிக்கிறார்.

ஒரே நாளில் எல்லா வேலியையும் தாண்டியும் வாசித்தார், வேலிக்குள் நின்றும் வாசித்தார். இவரைப் பற்றிக் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த நாளைத்தான்.

கோவிச்சுக்காதீங்க அண்ணே, எனக்கு யாரோ கத்துற மாதிரி இருக்கு. ஸ்வரம் தப்பாப் போகலையா?

இதில் கோபிக்க ஒன்றுமில்லை. ட்ரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸே அப்படித்தான் சொன்னார். 1964 ஜூனில் டவுன்பீட் பத்திரிகை, வாசிப்பவர் பெயரைச் சொல்லாமல் தட்டைப் போட்டுக் கருத்துக் கேட்டபோது, இவ்வளவு மோசமாக வாசிக்க டால்ஃபியால்தான் முடியும், அடுத்த தடவை பார்த்தால் காலை மிதிக்கிறேன் என்கிற மாதிரிப் பேசினார். அது அச்சில் வந்த அதே மாதக் கடைசியில் டால்ஃபி இறந்துவிட்டார். ஐந்து வருடம் கழித்து, ‘பிட்சஸ் ப்ரூ’ தட்டில் அதே மைல்ஸ் டேவிஸின் ட்ரம்பெட்டுக்குக் கீழே ஊர்ந்துகொண்டே இருப்பது பென்னி மாப்பினின் பாஸ் கிளாரினெட்.

ஸ்வரம் தப்பிப் போகிறதா என்றால், இல்லை. பாட்டின் அடியில் ஓடும் சுர அடுக்குகளை விட்டுத் தான் வெளியேறுவதில்லை, வழக்கத்தில் அந்தச் சுருதிக்குச் சேராது என்று சொல்லும் ஸ்வரங்களும் தன் காதுக்குச் சேர்ந்தே கேட்கின்றன, வாசிக்கும் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் அடியில் உள்ள அடுக்கோடு உறவு உண்டு என்று அவரே விளக்கியிருக்கிறார். சோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். அவர் தனியாக வாசிக்கும் இடத்தில் அவரைக் கவனிக்காமல் பாஸ் வாத்தியத்தை மட்டும் பின்தொடருங்கள். பாஸ் ஒரு சுற்றை முடித்து முதலுக்கு வரும் அதே இடத்தில் டால்ஃபியும் மூச்சு விட்டிருப்பார். வழி தெரியாமல் அலைகிறவர் சரியாகச் சமத்தில் வந்து நிற்க மாட்டார்.

கத்துகிற மாதிரி என்பதையும் முழுக்க மறுக்க மாட்டேன். மனிதக் குரல் செய்கிற எல்லாம் அந்த வாத்தியத்துக்குள் வந்துவிட்டது: சிரிப்பு, முனகல், கூப்பாடு. அழகான குரலை மட்டும் எதிர்பார்த்து உட்கார்ந்தால் முதலில் கஷ்டமாகத்தான் இருக்கும்.

பறவைங்களோட சேர்ந்து வாசிச்சாருங்கிறது கட்டுக்கதைதானே?

அவரே சொன்னது. 1962 ஏப்ரலில் டவுன்பீட்டில் கோல்ட்ரேனும் இவரும் சேர்ந்து கொடுத்த பேட்டியில் வருகிறது. கலிஃபோர்னியா வீட்டில் பழகிக்கொண்டிருக்கும்போது வெளியே பறவைகள் கூடவே சீட்டியடிக்கும். கையிலிருக்கும் பாடத்தை நிறுத்திவிட்டு அவற்றோடு வாசிப்பாராம். பறவைகள் நம்முடைய ஸ்வரங்களுக்கு இடைப்பட்ட ஸ்வரங்களில் பாடுகின்றன, அதைப் பிடிக்கப் போனால் எஃப் என்ற ஸ்வரத்துக்கும் அதற்கடுத்த அரைச்சுரத்துக்கும் நடுவில் எங்கேயோ போய் நிற்க வேண்டியிருக்கிறது என்கிறார். உடனே அடுத்த பேச்சே இந்திய இசை பற்றி. அதிலும் இதே குணம் இருக்கிறது, வேறு வேறு ஸ்வர வரிசைகள், கால் சுரங்கள். அதற்கு என்ன பெயர் வைப்பதென்று தெரியாது, ஆனால் அழகாயிருக்கிறது என்கிறார்.

சுருதி என்றும் கமகம் என்றும் பெயர் வைத்துத் தினமும் பாடுகிற ஊரில் உட்கார்ந்து இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. கோல்ட்ரேனின் ‘இந்தியா’ என்ற படைப்பு 1961 நவம்பரில் வில்லேஜ் வேன்கார்ட் விடுதியில் பதிவானது. அதில் டால்ஃபி பாஸ் கிளாரினெட் வாசிக்கிறார். ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு நீளமாகப் போகும் அது, தம்புரா கேட்டுப் பழகியவர்களுக்குச் சுலபமாக உள்ளே இறங்கும். பறவையை மட்டும் தனியாகக் கேட்க வேண்டுமானால் இவருடைய புல்லாங்குழலுக்குப் போங்கள்.

கோல்ட்ரேன் கூட இருந்தப்ப ஏன் அவ்வளவு திட்டு வாங்கினாரு?

மேலே சொன்ன அந்தப் பேட்டியே திட்டுக்குப் பதிலாக வந்ததுதான். 1961 நவம்பரில் ஜான் டைனன் என்ற விமர்சகர் ஹாலிவுட்டில் ஒரு விடுதியில் இவர்கள் வாசித்ததைக் கேட்டுவிட்டு, இது ஜாஸுக்கே எதிரானது என்று டவுன்பீட்டில் எழுதினார். அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது. மற்றவர்களும் எடுத்து வீசினார்கள். நீளம் ஒரு குற்றச்சாட்டு, ஸ்விங், அதாவது ஜாஸுக்கே உரிய தாள ஆட்டம், இல்லை என்பது இன்னொன்று. இருவரும் பேட்டியில் கோபப்படாமல் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார்கள்.

கோல்ட்ரேனுக்கு அப்போதே பெயரும் நிரந்தரமான குழுவும் இருந்தன, தாங்கினார். டால்ஃபியின் பிழைப்பில்தான் அடி விழுந்தது. அவருக்கென்று நிலையான குழு அமையவே இல்லை. சொந்த இசைக்கு வேலை கிடைப்பது எப்போதும் கஷ்டமாகவே இருந்தது. அந்தக் காலத்து விமர்சகர்கள் மேல் எனக்கு இன்னும் ஆற்றாமை உண்டு.

மிங்கஸ் பெரிய கோவக்காரராமே, இவர் எப்படி அவரோட ஒத்துப்போனாரு?

ஒத்துப்போனார், சண்டையும் போட்டார், அந்தச் சண்டை தட்டிலேயே இருக்கிறது. 1960 அக்டோபர் தட்டில் ‘வாட் லவ்’ என்று ஒன்று. அதன் பின்பாதியில் மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ள, மிங்கஸின் பாஸும் டால்ஃபியின் பாஸ் கிளாரினெட்டும் பேச ஆரம்பிக்கும். டால்ஃபி குழுவை விட்டுப் போகப் போகிறேன் என்று சொல்லியிருந்த நேரம் அது. மிங்கஸ் தந்தியை இழுத்து ஒரு கேள்வி கேட்பார். டால்ஃபி பதில் சொல்வார், நடுவில் இவர் வெட்டிப் பேசுவார், அவர் முணுமுணுப்பார், இவர் உறுமுவார், ஒரு கட்டத்தில் இரண்டும் ஒரே நேரத்தில் கத்தும், அப்புறம் மெல்ல அடங்கும். எங்கள் மாடியறையில் இதைப் போட்டபோது, ஜாஸ் என்றால் என்னவென்றே தெரியாத ஒரு பெரியவர் சட்டென்று, “வீட்டுல புருசன் பொண்டாட்டி மாதிரியில்ல பேசுறாங்க” என்றார். அதைவிட நல்ல விமர்சனம் நான் படித்ததில்லை.

1964-ல் மறுபடி மிங்கஸ் குழுவில் சேர்ந்து ஐரோப்பா போனார். அங்கேயே தங்கப்போகிறார் என்று தெரிந்து மிங்கஸ் ஒரு பாட்டுக்கு ‘சோ லாங் எரிக்’ என்று பெயர் வைத்தார். போய்வா எரிக் என்று அர்த்தம். அந்த ஜூலையில் மிங்கஸுக்கு ஒரு மகன் பிறந்தான். அவனுக்கு எரிக் டால்ஃபி மிங்கஸ் என்று பெயரிட்டார்.

எல்லாரும் அமெரிக்கா போக ஆசைப்படுறப்ப இவர் ஏன் அங்கேருந்து கிளம்பினாரு?

வேலைக்காக. தன் சொந்த இசையை வாசிக்க ஐரோப்பாவில் அதிக வாய்ப்பு இருக்கிறது, இந்த நாட்டில் வித்தியாசமாக ஏதாவது செய்யப் போனால் மட்டம் தட்டுகிறார்கள் என்று வெளிப்படையாகவே சொன்னார். ‘அவுட் டு லன்ச்’ தட்டின் உறையில் அச்சாகியிருக்கிறது. கல்யாணத் திட்டமும் இருந்தது. நிச்சயித்த பெண் நடனக் கலைஞர், பாரிஸில் இருந்தார்.

‘அவுட் டு லன்ச்’தான் பெஸ்ட்னு எல்லா லிஸ்ட்டுலயும் போடுறாங்க. அதுலேருந்தே ஆரம்பிக்கட்டுமா?

வேண்டாம். கடைசியில் போய்ச் சேர வேண்டிய இடம் அது. முதலில் ஆலிவர் நெல்சன் தட்டில் ‘ஸ்டோலன் மொமண்ட்ஸ்’ கேளுங்கள். டால்ஃபி புல்லாங்குழல் வாசிக்கிறார், யாருக்கும் பிடிக்கும். அப்புறம் மேலே சொன்ன ‘காட் பிளெஸ் த சைல்ட்’. அப்புறம் ஃபைவ் ஸ்பாட் இரவு. அதற்குள் காது பழகிவிடும்.

‘அவுட் டு லன்ச்’ 1964 பிப்ரவரி 25 அன்று ஒரே நாளில் பதிவானது. வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை. ட்ரம்பெட் ஃப்ரெடி ஹப்பர்ட், பாஸ் ரிச்சர்ட் டேவிஸ், டிரம்ஸ் டோனி வில்லியம்ஸ், அவருக்கு 18 வயது. பியானோவுக்குப் பதில் பாபி ஹட்சர்சனின் வைப்ரபோன். உலோகப் பட்டைகளைக் குச்சியால் தட்டும் வாத்தியம் அது. பியானோ இருந்தால் இடம் முழுக்க நிரம்பியிருக்கும். ஹட்சர்சன் ஒரு தட்டு தட்டிவிட்டு அப்படியே தொங்க விடுகிறார். நடுவில் பெரிய வெற்றிடங்கள். அந்த வெற்றிடத்துக்குள் டால்ஃபி நடமாடுகிறார். முதல் பாட்டு ‘ஹேட் அண்ட் பியர்ட்’ பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்குக்காக எழுதியது. தாளம் போட்டுப் பழகிய கை அதில் சீக்கிரமே ஒன்பது எண்ண ஆரம்பித்துவிடும். கடைசிப் பாட்டு குடித்தவன் தள்ளாடி நடப்பதை நினைத்து எழுதியது. தள்ளாட்டம் ஒவ்வொன்றும் அளந்து வைத்தது.

‘லாஸ்ட் டேட்’னு பேர் வெச்சிருக்காங்களே, அதுதான் கடைசி ரெக்கார்டிங்கா?

பெயர்தான் அப்படி. ‘லாஸ்ட் டேட்’ நெதர்லாந்தின் ஹில்வர்சமில் 1964 ஜூன் 2 அன்று டச்சுக் கலைஞர்கள் மிஷா மெங்கல்பெர்க், ழாக் ஸ்கோல்ஸ், ஹான் பெனிங்க் ஆகியோரோடு பதிவானது. ஜூன் 11 அன்று பாரிஸிலும் வாசித்திருக்கிறார், அந்தப் பதிவும் இருக்கிறது. ஆனாலும் ‘லாஸ்ட் டேட்’டை விட முடியாது. ‘யூ டோண்ட் நோ வாட் லவ் இஸ்’ என்ற பாட்டைப் பதினோரு நிமிடம் புல்லாங்குழலில் வாசிக்கிறார். அதற்குச் சமமாக ஒரு ஜாஸ் புல்லாங்குழலை நான் கேட்டதில்லை. தட்டின் கடைசியில், ஒரு வானொலிப் பேட்டியிலிருந்து எடுத்த அவர் குரலை ஒட்டியிருக்கிறார்கள். இசை முடிந்தால் அது காற்றோடு போய்விடுகிறது, மறுபடி பிடிக்க முடியாது என்கிறார். ரொம்பச் சாதாரணக் குரல். பக்கத்து வீட்டு வாத்தியார் பேசுகிற மாதிரி.

போதைப் பழக்கத்தாலதான் செத்தாரா? அந்தக் காலத்து ஜாஸ்காரங்க பாதிப்பேர் அப்படித்தானே?

இல்லை. அவர் போதைப்பொருள் தொடாதவர் என்று கூட இருந்தவர்கள் எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். அவருக்கு நீரிழிவு இருந்தது, அது இருப்பதே தெரியாமல் இருந்தது. நம் வீடுகளில் சர்க்கரை என்றால் பாட்டிக்குக்கூடத் தெரியும். ஊர் ஊராகப் போய் வாசித்துக்கொண்டிருந்த அந்த மனிதருக்கு யாரும் பரிசோதித்துப் பார்க்கவில்லை.

ஜாஸ்காரன்னா போதையாத்தான் இருக்கும்னு ஆஸ்பத்திரியில அலட்சியமா விட்டுட்டாங்களாமே?

அப்படி ஒரு விவரம் நண்பர்கள் வழியாக வந்து பரவியிருக்கிறது. வேறு விதமாகச் சொல்பவர்களும் உண்டு. இரண்டில் ஒன்றை நடந்ததாக அடித்துச் சொல்ல நான் தயாரில்லை. உறுதியானது இவ்வளவுதான்: ஜூன் 27 அன்று புதிதாகத் திறக்கும் ஒரு விடுதியில் வாசிக்க பெர்லின் வந்தார், வரும்போதே உடம்பு சரியில்லை, வாசிப்பை முடிக்க முடியவில்லை, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், 29-ஆம் தேதி போய்விட்டார்.

இந்தக் கேள்வி கேட்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. சாவுக்கதையைத் தெரிந்துகொண்டு பரிதாபத்தோடு அவரைக் கேட்கப் போகாதீர்கள். பாதியில் நின்றுபோன இசையாக அது காதில் விழ ஆரம்பித்துவிடும். ‘ஃபார் க்ரை’யிலும் ‘அவுட் டு லன்ச்’சிலும் பாதியில் நிற்பது எதுவுமே இல்லை. அவர் சிரித்துக்கொண்டு வாசித்த இடங்கள் நிறைய.

செத்ததுக்கு அப்புறமும் புதுசு புதுசா ரெக்கார்டு வருதே, அதெல்லாம் நம்பலாமா?

பெரும்பாலும் நம்பலாம். ஐரோப்பா கிளம்புமுன் டேப்புகளையும் எழுதிவைத்த காகிதங்களையும் நண்பர்கள் வீட்டில் ஒப்படைத்துவிட்டுப் போனார். அவை பிறகு புல்லாங்குழல் கலைஞர் ஜேம்ஸ் நியூட்டன் கைக்கு வந்து சேர்ந்தன. 1963 ஜூலைப் பதிவுகளின் விரிந்த தொகுப்பு ‘மியூசிக்கல் ப்ராஃபெட்’ என்ற பெயரில் வந்தது அப்படித்தான். ‘அலோன் டுகெதர்’ இன்னொரு தடவை வாசித்ததும் அதில் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், ஒரே பாட்டுக்குள் இரண்டு பேரும் வேறு வேறு வழியில் நுழைந்து போவது தெரியும்.

அவரோட வாத்தியமெல்லாம் என்னாச்சு?

பாஸ் கிளாரினெட்டையும் புல்லாங்குழலையும் அவருடைய அம்மா, மகனின் நண்பரான கோல்ட்ரேனிடம் கொடுத்தார். கோல்ட்ரேன் அதுவரை இரண்டையுமே தட்டில் வாசித்தவர் இல்லை. 1966 பிப்ரவரியில் பதிவான ‘ரெவரெண்ட் கிங்’ என்ற படைப்பில் பாஸ் கிளாரினெட்டை எடுத்தார். 1967-ல், தன் கடைசி மாதங்களில், ‘டு பி’ என்ற நீளமான படைப்பில் புல்லாங்குழல் வாசித்தார். அந்த ஜூலை 17 அன்று அவரும் போய்விட்டார், 40 வயதில்.

‘டு பி’யில் கோல்ட்ரேனின் விரல்கள் டால்ஃபியின் விரல்கள் அல்ல. தாவல் கிடையாது. அடங்கிய, மூச்சு கலந்த, கொஞ்சம் தயங்கும் புல்லாங்குழல். ‘லாஸ்ட் டேட்’டில் உள்ள அந்தப் பதினோரு நிமிடத்தை முதலில் கேட்டுவிட்டு, உடனே இதைப் போடுங்கள்.